ஹெல்மெட்டுக்கு மேல குந்தியிருந்த ஞாயிற்றுக்கிழமை

முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். இதை நான் தமிழிலதான் எழுதுவன். உங்களில பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது எண்டு எனக்குத் தெரியும். வராட்டி அம்மாவைக் கொண்டு வாசிப்பியுங்கோ. அவவுக்கும் தன்ர பிள்ளை என்ன வேலைக்குப் போகுது எண்டு ஒருக்கா விளங்கட்டும். என்ர அம்மா கண் மூடும் வரைக்கும் நான் யூனிவர்சிட்டியில படிப்பிக்கிறன் எண்டுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ.

போன மாசம் பங்கு மண்டபத்தில உங்களில ஆறேழு பேரைக் கண்டன். விளையாட்டுக்காரரின்ர காயம் பாக்கிற படிப்பைப் படிச்சு முடிச்சு, கழுத்தில அடையாள அட்டையும் கொழுவிக்கொண்டு வந்து நிண்டியள். பாக்க வடிவாத்தான் இருந்தது. அதில ஒரு பிள்ளை, சின்னக் குரலில, "அன்ரி, நாங்கள் வேண்டாம் எண்டு சொன்னாப் பிறகும் கோச் ஆளை விளையாட விடச் சொன்னால் என்ன செய்யிறது?" எண்டு கேட்டது. நான் வாயெடுக்க, தின்னுறதுக்கு ரோல்ஸ் தட்டு வந்திட்டுது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டியள். அந்தப் பிள்ளைக்குத்தான் இது. மற்றவையும் வாசிக்கலாம், நான் என்ன காசா கேட்டன்.

கணுக்காலுக்கு எப்பிடிச் சுத்துறது, ஐஸ் எவ்வளவு நேரம் வைக்கிறது எண்டதெல்லாம் உங்களுக்குப் படிப்பிச்சிருப்பினம். அதைத் திருப்பிச் சொல்ல நான் வரேல்லை. நான் சொல்லப்போறது ஒரேயொரு சீசனின்ர கதை. பெரிய லீக்கில சம்பளப் பிரச்சினை வந்து, ஒரு வருசம் முழுக்க ஒரு ஆட்டமும் நடக்காமல் பூட்டிப்போட்டு நிண்டாங்களே, அந்த வருசம். மொன்றியலில பனி கொட்டுற மாரிகாலத்தில ஐஸ் ஹொக்கி இல்லையெண்டால் சனத்துக்கு விசர் பிடிக்கும். டிப்பனோர் எண்டுற மூலைக் கடைக்காரன்கூட ஆரோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அதுவரைக்கும் அம்மாமாரும் காதலிகளும் மட்டும் வந்து பாத்த எங்கட யூனிவர்சிட்டி ஆம்பிளைப் பெடியளின்ர ஆட்டத்துக்குச் சனம் வரிசையில நிண்டுது.

அந்த அணிக்கு நான்தான் சிகிச்சைக்காரி. ஐஸ் ஓரத்துப் பெஞ்சில, கோச்சுக்கு அங்கால, ஒரு மருந்துப் பெட்டியோட நிக்கிற பொம்பிளை. யூனிவர்சிட்டிப் பேரைச் சொல்லமாட்டன். தெரிஞ்சவைக்குத் தெரியும், தெரியாதவைக்குத் தேவையில்லை.

எங்கட சனமும் சும்மா இருக்கேல்லை. ஒரு ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியில வர, ஒரு அக்கா என்னைத் தனியக் கூப்பிட்டு, "ஏன் பிள்ளை, ஆம்பிளைப் பெடியள் உடுப்பு மாத்துற அறைக்குள்ள குடும்பப் பொம்பிளைக்கு என்ன வேலை?" எண்டா. "அக்கா, உங்களுக்குப் பிள்ளை பிறக்கேக்கை டொக்டர் ஆம்பிளையோ பொம்பிளையோ?" எண்டு கேட்டன்.

பெடியள் எண்டு சொன்னாலும் அவங்கள் சின்ன ஆக்கள் இல்லை. பதினாறு வயசில வீட்டை விட்டுப் போய் ஜூனியர் லீக்கில அடிபட்டு, பெரிய லீக் எடுக்காது எண்டு தெரிஞ்சாப் பிறகு படிக்க வந்தவங்கள். தாடியும் மீசையுமா ஒவ்வொருத்தனும் கதவளவு. அஞ்சு வருசம்தான் யூனிவர்சிட்டிக்கு விளையாடலாம். அதுக்குள்ள ஐரோப்பாவில ஒரு கிளப் கூப்பிட்டால் உண்டு, இல்லாட்டி ஹொக்கி அதோட சரி. என்ர பேரை அவங்களால சொல்ல ஏலாமல், ரெண்டெழுத்தா நறுக்கிக் கூப்பிடப் பாத்தாங்கள். பேரை நறுக்க விடமாட்டன், அக்கா எண்டு கூப்பிடுங்கோ எண்டு சொன்னன். பிறகு கோச் உட்பட எல்லாரும் அக்காதான். அதுதான் என்ர பேர் எண்டு நினைச்சுக்கொண்டு கிறிஸ்மஸ் அட்டையிலயும் எழுதினாங்கள்.

எனக்கு முதல் அந்த இடத்தில இருந்தவ வெர்டன் பக்கத்து மனுசி. சிகரட் குடிச்சுக் குடிச்சுக் கரகரத்த குரல். மருந்துப் பெட்டித் திறப்பை என்ர கையில தரேக்கை ஒரு புத்திமதிதான் சொன்னவ. "தலையில அடிபட்டவனோட வாதாடாதே. முதல்ல ஹெல்மெட்டைப் பிடுங்கு. ஹெல்மெட் இல்லாமல் ஐஸில இறங்க ஏலாது, அது சட்டம். பிறகு ஆறுதலாக் கதை." அவ்வளவுதான். போகேக்கை கையைக்கூடக் காட்டேல்லை.

இனி ஒக்டோபர். த்ருவா-ரிவியேர் ஊருக்கு ஒரு ஆட்டத்துக்கு பஸ்ஸில போறம். வழியில சாப்பிட நிப்பாட்டினம். எங்கட பின்வரிசை ஆட்டக்காரன் ஒருத்தன் இடக்கையால இறைச்சியைக் குத்திக் குத்தித் தின்னுறான். வலக்கை மேசைக்குக் கீழ. அவன் வலக்கைக்காரன் எண்டு எனக்குத் தெரியும். நான் அவனுக்கு முன்னால போய் இருந்து, கெச்சப் போத்திலை நீட்டி, "தம்பி, இதை ஒருக்காத் திறந்து தா" எண்டன். அவன் போத்திலைப் பாத்தான், என்னைப் பாத்தான். "அக்கா, சும்மா பிசகினதுதான்" எண்டான். சும்மா பிசகின மணிக்கட்டு ரெண்டு நாளைக்கு முதலே வெடிச்சிருந்தது. ஒரு கையால ஹொக்கிக் குச்சிக்கு டேப் சுத்திக்கொண்டு அண்டைக்கு விளையாட வந்திருக்கிறான்.

இதுதான் இந்தத் தொழில். நோகுது நோகுது எண்டு கத்துறவனைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. அவன் நல்லாத்தான் இருப்பான். பகிடி விட்டுக்கொண்டு இருக்கிறவன் திடீரெண்டு பேசாமல் இருந்தால் அவனுக்குப் பக்கத்தில போய் இருங்கோ. ஐஸில பாத்தால் ஒண்டும் பிடிபடாது, அங்க எல்லாரும் சூரன்தான். சாப்பாட்டு மேசையில பாருங்கோ.

அவனை நான் நிப்பாட்டினதுக்கு முழு அணியும் ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. எனக்குக் கேக்கத்தக்கதா, காட்டிக்குடுக்கிறவள் எண்டு ஒருத்தன் சொன்னான். எங்கட நாட்டிலயிருந்து வந்த ஆக்களுக்கு அந்தச் சொல்லு எவ்வளவு பாரம் எண்டு அவனுக்குத் தெரியாது. நான் போய் அவனுக்கு முன்னால நிண்டு, "இன்னொருக்காச் சொல்லு" எண்டன். அவன் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பனோ எனக்கே தெரியாது, எனக்கு அவ்வளவு கோவம்.

ஜனவரியில அவங்கட வேற ஒரு விளையாட்டைக் கண்டுபிடிச்சன். தலையில அடிபட்டவனுக்கு அப்ப ஒரு சோதனை செய்யிறது. சம்பந்தமில்லாத அஞ்சு சொல்லை ஆறுதலாச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேக்கிறது. கொஞ்ச நேரம் வேற கதை கதைச்சுப்போட்டு இன்னொருக்காக் கேக்கிறது. மண்டை கலங்கின ஆளுக்குச் சொல்லு நிக்காது. சீசன் தொடங்கேக்கையே எல்லாரையும் ஒருக்காச் சோதிச்சு வைக்கிறது வழக்கம். எங்களிட்ட இருந்த அஞ்சு சொல்லு இதுதான்: கதவு, குதிரை, தொப்பி, பாலம், தேன். வருசா வருசம் அதே அஞ்சுதான்.

ஒருநாள் பயிற்சி முடிய நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உடுப்பு மாத்துற அறைக்குப் போற ஒழுங்கையால வாறன். குளிக்கிற அறைக்குள்ள கூட்டமாப் பாட்டு. பியர் குடிக்கேக்கை பாடுற மெட்டு. சொல்லைக் காது குடுத்துக் கேட்டால், கதவு, குதிரை, தொப்பி, பாலம், தேன்! பழைய ஆக்கள் புது ஆக்களுக்குப் பாட்டாப் படிப்பிச்சு வைச்சிருக்கிறாங்கள். தலை பிளந்தாலும் பாட்டு மறக்காது எண்டு கணக்குப் போட்டிருக்கிறாங்கள், கோதாரி விழுவாங்கள். நல்ல மூளைதான், அந்த மூளையைத்தான் உடைக்கிறதுக்குக் கொண்டு திரியிறாங்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோவமும் வந்தது. ஆனால் ஒருத்தனோடயும் வாய் காட்டேல்லை. ரொக்ஸ்பரோவில என்ர வீட்டுக் குசினிக்குள்ள நிண்டு சுத்திப் பாத்தன். கறிச்சரக்குத் தொடங்கிக் கூட்டுற தடி வரைக்கும், கண்ணில பட்ட அஞ்சை எடுத்தன். கறுவா, தும்புத்தடி, சட்டி, யன்னல், வெங்காயம். பிரெஞ்சில ஒருக்காச் சொல்லிப் பாத்தன், நல்லா இருந்தது. ஒருத்தருக்கும் சொல்லாமல் அதை மனசுக்குள்ள வைச்சுக்கொண்டன். இப்ப உங்களுக்கு எத்தினையோ முறை வந்திட்டுது. நீங்களாச் சொல்லுப் பொறுக்கி இப்பிடி விளையாடாதேங்கோ. நான் செய்தது அந்தக் காலத்துக்கு.

இனித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பெப்ரவரி கடைசி. சீசனின்ர கடைசிச் சுற்று, மூண்டு ஆட்டத்தில ரெண்டு வெல்லவேணும். முதலாவதில தோத்து, ரெண்டாவதில வெண்டு, மூண்டாவது எங்கட ஐஸ் மண்டபத்தில, பின்னேரம். தோத்தால் வருசம் முடிஞ்சுது. நான் பூசையில பாதியில எழும்பி நேர அங்க போனன்.

எங்கட கப்டன் தூர வடக்கில அபிட்டிபிப் பக்கத்துப் பெடியன். அது அவனுக்கு அஞ்சாவது வருசம், கடைசி. பிரான்சில ஒரு கிளப்பில இருந்து ஒரு மனுசன் அவனைப் பாக்கவெண்டே வந்து மேல வரிசையில இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவன் என்ர மேசையில கால் நீட்டிப் படுத்திருந்துகொண்டு, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. இது விட்டால் எனக்கு அப்பாவின்ர மரம் அரியிற மரக்காலைதான்" எண்டவன். ஐஸில ஒருத்தரையும் வீணா அடிக்காத பெடியன். காட்டிக்குடுக்கிற கதை வந்த நேரம் முதல் ஆளா வந்து என்னோட கதைச்சவனும் அவன்தான். எனக்கு அவனில ஒரு பட்சம் இருந்தது, அதை ஏன் மறைப்பான். தாய் தகப்பன் ரெண்டு பேரும் விடியக் காருக்குள்ள ஏறி அவ்வளவு தூரம் ஓடி வந்திருந்தவை. வாசலில தாய் என்ர ரெண்டு கையையும் பிடிச்சு, "நீதானே அக்கா? என்ர பிள்ளையைப் பாத்துக்கொள்" எண்டா.

மூண்டு பகுதியில ரெண்டாவது முடியப்போற நேரம், கோல் ரெண்டுக்கு ரெண்டு. கப்டன் பக்கை, அதுதான் அந்தக் கறுத்த ரப்பர் வட்டை, துரத்திக்கொண்டு மூலைக்குப் போனான், மற்ற அணிக்காரன் தோளால இடிச்சான். முறையான இடிதான், நடுவர் ஊதவுமில்லை. ஆனால் இவன்ர தலை ஐஸைச் சுத்தியிருக்கிற கண்ணாடியில போய்ப் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உடன எழும்பினான். சனம் கை தட்டிச்சுது. வந்து பெஞ்சில இருந்தான். இருந்துபோட்டுக் குனிஞ்சு, சறுக்குச் சப்பாத்தின்ர நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான்.

ஆட்டம் இன்னும் முடியேல்லை, பிள்ளையள். பாதி ஆட்டத்தில ஆரும் நாடா அவிழ்க்கிறதில்லை.

சங்கு ஊதி இடைவேளை விட்டது. அவனுக்குப் பக்கத்தில போய், "முகக்கூண்டில ஒரு ஆணி தளந்து கிடக்கு, காட்டு" எண்டன். கழட்டித் தந்தான். வாங்கிக் கக்கத்துக்குள்ள வைச்சன். பிறகு அவனை அறைக்கு வெளியில, ஒழுங்கையில ஒரு வாங்கில இருத்தினன். கோச் பின்னாலயே வந்திட்டார். சாமான் பாக்கிற மனுசனும் வந்தார். அவர் ஒரு போர்த்துக்கீசர், குச்சி, ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் அவற்ற பொறுப்பு. சட்டைப் பையில எப்பவும் ஒரு ஸ்குறூ ட்ரைவர் குத்தியிருக்கும்.

"நான் சொல்லுறதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லு" எண்டன். பிரெஞ்சில, ஆறுதலா, ஒவ்வொண்டா: கறுவா, தும்புத்தடி, சட்டி, யன்னல், வெங்காயம்.

அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். நல்ல தெளிவான சிரிப்பு. ஒரு தடக்கலும் இல்லாமல் சொன்னான்: "கதவு, குதிரை, தொப்பி, பாலம், தேன்."

கோச் அவன்ர முதுகில ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியோ, அஞ்சும் சரி! எழும்பு, போ!" எண்டார்.

நான் அந்த மனுசனை நிமிந்து பாத்தன். "அஞ்சும் சரியெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ இப்ப சொன்னதைத்தானே அவன் சொன்னான்?"

"நான் சொன்னது கறுவா. தும்புத்தடி. சட்டி. யன்னல். வெங்காயம்."

போர்த்துக்கீச மனுசன் நிலத்தைப் பாத்தார். கோச்சின்ர முகம் கழுத்திலயிருந்து மேல வரைக்கும் சிவந்துகொண்டு போச்சுது. பாட்டு அவருக்கும் பாடம். நான் என்ன சொல்லுறன் எண்டு காது குடுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கேல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சு வைச்சிருந்த மனுசன், தானே கிண்டி எடுத்துக் காட்டிப்போட்டார். கப்டன் மட்டும் ஒண்டும் விளங்காமல் இன்னும் சிரிச்சுக்கொண்டு இருந்தான். அந்தச் சிரிப்பைப் பாக்க எனக்கு அழுகை வந்தது.

"இவன் விளையாடமாட்டான்" எண்டன்.

"முடிவு என்ர" எண்டார் கோச்.

"சரி, முடிவு உங்கட. ஹெல்மெட் என்ர கையில." அப்பிடிச் சொல்லிப்போட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தன். அது பெரிய பெட்டி, ஒரு ஆள் குந்தலாம். ஹெல்மெட்டை உள்ள போட்டன். மூடினன். அதுக்கு மேல குந்தினன்.

நீங்கள் நினைப்பியள் அன்ரிக்குப் பயமில்லை எண்டு. கை கால் எல்லாம் நடுங்கினது, பிள்ளையள். நடுங்கிறது தெரியக்கூடாது எண்டுதான் குந்தினன். நிண்டிருந்தால் கண்டிருப்பாங்கள்.

கோச் சாமான்காரரைப் பாத்து, "வேற ஒரு ஹெல்மெட் கொண்டு வா" எண்டு கத்தினார். அந்த மனுசன் ஆறுதலா என்னைப் பாத்தார், பெட்டியைப் பாத்தார், கப்டனைப் பாத்தார். "மற்றதுக்கு முகக்கூண்டு இன்னும் பூட்டேல்லை" எண்டார். "பூட்டு அப்ப!" "ஸ்குறூ ட்ரைவரை எங்கயோ விட்டிட்டன்." அது அவற்ற சட்டைப் பையில, சிவத்தப் பிடியோட, எல்லாருக்கும் தெரியத்தக்கதாக் குத்தியிருந்தது. ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை. அந்த ஒழுங்கையில எனக்குக் கிடைச்ச ஒரே துணை அதுதான், அதை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன்.

அதுக்குப் பிறகு கப்டனுக்கு விசயம் விளங்கத் தொடங்கிச்சுது. முதல் கெஞ்சினான். "அக்கா, ஒரு பகுதிதான். ஒரேயொரு பகுதி. அந்த மனுசன் மேல இருக்கிறார் அக்கா." நான் தலையை ஆட்டினன். பிறகு கத்தினான். "நீ ஒருநாளும் விளையாடேல்லை! உனக்கு என்ன தெரியும்?"

"ஓம், விளையாடேல்லை. அதாலதான் என்ர தலை தெளிவாக் கிடக்கு."

"அடுத்த வருசம் நீ இஞ்ச இருக்கமாட்டாய்" எண்டார் கோச்.

"அடுத்த வருசத்தை அடுத்த வருசம் கதைப்பம். இப்ப போய் உங்கட அணியைப் பாருங்கோ, சங்கு ஊதிட்டுது."

பெஞ்சில என்ர இடத்தில அந்தப் பகுதி முழுக்க, எனக்கு உதவிக்கு வாற படிக்கிற பிள்ளைதான் நிண்டது. நான் பெட்டியை விட்டு எழும்பேல்லை. கப்டன் எனக்கு முன்னால, முழு உடுப்போட, தலையில ஒண்டுமில்லாமல், சுவரோட சாஞ்சு நிலத்தில இருந்து அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழ, எனக்கு அவன்ர தலையைத் தடவவேணும் போலக் கிடந்தது. ஆனால் எழும்பினால் பெட்டி திறந்திடும். அதால இருந்த இடத்திலயே இருந்தன்.

நாங்கள் தோத்தம். எங்கட பக்கத்து வட்டத்தில ரெண்டு அணிக்காரருக்கும் நடுவில நடுவர் பக்கைப் போட்ட நேரம் அதை மற்றவன் பறிச்சான், பறிச்ச கையோட கோல். அந்த வட்டத்தில அந்த வருசம் முழுக்க எங்கட கப்டனை வெல்ல ஆளில்லை. அவன் நிண்டிருந்தால் அந்த கோல் விழுந்திராது. ஓம், நானும் சொல்லுறன். அண்டைக்கும் சொன்னன்.

ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டு போனது நான்தான். தலையைப் படம் எடுத்தவை. படத்தில ஒண்டுமில்லை, மண்டை கலங்கினது படத்தில விழாது. தாய் ஆஸ்பத்திரி ஒழுங்கையில என்னைப் பாத்து, "ஒண்டுமில்லையாமே" எண்டா. ஆட்டத்துக்கு முதல் என்ர கையைப் பிடிச்ச அதே மனுசி.

"நல்லது மடாம்" எண்டன்.

அந்த "ஒண்டுமில்லையாமே" நெஞ்சுக்குள்ள மீன் முள்ளு மாதிரி இப்பவும் கிடக்கு. பிரான்ஸ் மனுசன் மூண்டாவது பகுதி தொடங்க முதலே எழும்பிப் போனவராம். பிறகு அவரிட்ட இருந்து ஒரு கதையுமில்லை. கப்டன் சோதினையை முடிச்சுப்போட்டு ஊருக்குப் போனான். எனக்கு ஒரு "போட்டு வாறன்" இல்லை. போக முதலும் ஒழுங்கையில என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால போவான். ஒருநாள் மட்டும் மறிச்சு, "நான் அண்டைக்கு உனக்குச் சொன்ன அஞ்சு சொல்லு என்ன எண்டு தெரியுமோ?" எண்டு கேட்டன். சொல்லிக் காட்டினன். அவன் பையைத் தோளில கொழுவிக்கொண்டு போயிட்டான்.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாச் சொல்ல வந்தன். நீங்கள் சரியாச் செய்தால் ஒண்டும் நடக்காது. ஒண்டும் நடக்காததைக் கொண்டு போய் ஆருக்கும் காட்ட ஏலாது. நடக்க விட்டிருந்தால்தான் எல்லாரும் வந்து நீ சொன்னது சரி எண்டு சொல்லுவினம், அதுவும் செத்த வீட்டில. உங்களைச் சரியெண்டு ஆரும் சொல்லுவினம் எண்டு காத்துக்கொண்டு இருந்தால் இந்த வேலைக்கு வராதேங்கோ. வேற எத்தினையோ வேலை கிடக்கு.

ஏப்ரலில என்னை மேலிடத்துக்குக் கூப்பிட்டவை. நல்ல மரியாதையா, கோப்பி தந்து, கோச் மனவருத்தப்பட்டிருக்கிறார் எண்டு சொல்லிச்சினம். அணிக்கு முன்னால கோச்சிட்டயும் கப்டனிட்டயும் ஒருக்கா மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சுமுகமாப் போகுமாம், அடுத்த வருசமும் நான் இருக்கலாமாம். எனக்கு வீட்டில ரெண்டு பிள்ளையள், அந்த வேலை தேவையும்தான். கோப்பியைக் குடிச்சு முடிச்சன். "அந்தப் பாட்டை ஆர் படிப்பிச்சது எண்டு கேட்டுப்போட்டுப் பிறகு என்னைக் கூப்பிடுங்கோ. மன்னிப்பு என்னட்ட இல்லை" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தன்.

வேலையால நிப்பாட்டப் பயந்திட்டினம் போல. பொம்பிளைப் பிள்ளையளின்ர அணிக்கு மாத்திச்சினம். தண்டனை எண்டு நினைச்சிருப்பினம். அங்கயும் ஹெல்மெட் இருந்தது, என்ர பெட்டியும் இருந்தது. பென்சன் எடுக்கும் வரைக்கும் நான் அங்கதான். எத்தினை தரம் அந்தப் பெட்டியில குந்தினன் எண்டு எண்ணேல்லை. ஒருதரம்கூட எழும்பச் சொல்லி எழும்பேல்லை.

அதோட முடிச்சிருப்பன். ஆனால் போன மாரியில நடந்த ஒண்டைச் சொல்லாமல் விட ஏலாது.

மகளின்ர பெட்டைக்கு ஹொக்கிப் பயித்தியம். டொலார்ட்டில ஒரு சனிக்கிழமை சின்னப் பிள்ளையளின்ர இறுதி ஆட்டம், ஏத்திக்கொண்டு போனன். மற்ற அணிப் பெஞ்சில நிண்ட கோச்சைப் பாக்க எங்கயோ கண்ட தோள். தாடி நரைச்சு, வயிறு வைச்சிட்டுது, ஆனால் அந்தத் தோள் மாறேல்லை. எங்கட கப்டன். மரக்காலையில இருந்து எப்ப மொன்றியலுக்குத் திரும்பி வந்தவனோ எனக்குத் தெரியாது. அவனும் என்னைக் கண்டான். கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பினான். சரி, இன்னும் ஆறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டன். ஆறாட்டிப் போகட்டும்.

கடைசி நேரம், அவன்ர அணிப் பிள்ளை ஒண்டு தலை அடிபட விழுந்திட்டுது. எழும்பி, ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு சொல்லிக்கொண்டு பெஞ்சுக்கு வந்துது. அந்த அணிக்கு நல்லா விளையாடுற பிள்ளை அதுதான். கப்டன் குனிஞ்சு, முகக்கூண்டைத் தட்டிப் பாக்கிற மாதிரிப் பாத்து, ஹெல்மெட்டைக் கழட்டித் தன்ர கக்கத்துக்குள்ள வைச்சான். தகப்பன் ஓடி வந்து பெஞ்சுக்குப் பின்னால கண்ணாடியில அடி அடியெண்டு அடிக்கிறான். "அவனுக்கு ஒண்டுமில்லை! இறக்கு! இறக்கு!" கப்டன் திரும்பியும் பாக்கேல்லை. எனக்கு ரெண்டு மூண்டு வரிசைக்குக் கீழதான் அந்தப் பெஞ்ச். அந்தச் சத்தத்துக்குள்ளயும் எனக்கு வடிவாக் கேட்டது.

"நான் சொல்லுறதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லு" எண்டு அவன் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுறான். பிரெஞ்சில, ஆறுதலா, ஒவ்வொண்டா.

கறுவா. தும்புத்தடி. சட்டி. யன்னல். வெங்காயம்.

என்ர குசினிச் சாமான். ஒரு நாளும் ஆருக்கும் எழுதிக் குடுக்காத என்ர குசினிச் சாமான்.

அந்தப் பிள்ளை முதல் ரெண்டைச் சொல்லிச்சுது. மிச்சம் வரேல்லை. கப்டன் அதைத் தூக்கித் தனக்குப் பக்கத்தில இருத்தி, ஹெல்மெட்டைத் தன்ர ரெண்டு காலுக்கும் நடுவில வைச்சு இறுக்கிக்கொண்டு நிண்டான். அவங்கள் தோத்தாங்கள். தகப்பன் வாய்க்கு வந்தபடி பேசினான். ஆட்டம் முடிய, நான் வெளிக்கதவால போகேக்கை கப்டன் நிமிந்து என்னைப் பாத்தான். வாறன், போறன் ஒண்டுமில்லை. ஹெல்மெட் இன்னும் அவன்ர கையிலதான் இருந்தது.

சின்னக் குரலில கேட்ட பிள்ளை, விளங்கிச்சோ? கோச் விடச் சொன்னால் என்ன செய்யிறது எண்டு கேட்டாய். பிடுங்கு, உள்ள போடு, மேல குந்து. ஆர் வந்து கேட்டாலும் எழும்பாதே.